மொட்டைமாடியில் நிலாச்சோறு போடுவது எப்படி

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் எங்கள் பெரம்பூர் குடியிருப்பில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, யார் போனிலும் சார்ஜ் இல்லை, தெருவில் இரண்டு பெரிய மரங்கள் குறுக்கே கிடந்தன. பிரிட்ஜில் இருப்பதெல்லாம் வீணாகிவிடும் என்று ஆளாளுக்கு இருந்ததை எடுத்துச் சமைத்தோம். ஒரு வீட்டில் சாம்பார், ஒரு வீட்டில் முந்தின நாள் வத்தக்குழம்பு, கீழ்வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல், எங்கள் வீட்டில் சோறும் தயிரும். ராத்திரி மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு தனித்தனியாக உட்காரப் பிடிக்காமல் ஒவ்வொருவராக மாடிக்கு ஏறினோம். அன்று பௌர்ணமி என்பது மேலே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஊர் முழுக்க ஒரு விளக்கு இல்லாமல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்படி ஒரு நிலா. என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒரு தேக்சாவில் சோற்றைக் கொட்டி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, உட்கார்ந்திருந்த பதினேழு பேருக்கும் உருட்டி உருட்டிக் கையில் வைத்தார்கள்.

அந்தப் பதினேழு பேரில் பாதிப் பேர் இப்போது வேறு வேறு இடத்தில் இருக்கிறார்கள். எங்கே பார்த்துக்கொண்டாலும் மரம் விழுந்ததையோ தண்ணீர் இல்லாததையோ பேசுவதில்லை. "அத்தை போட்ட உருண்டை" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவையாவது புயல் இல்லாமலேயே நிலாச்சோறு போடுகிறோம். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தட்டு வேண்டாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மாற்றிக்கொண்டாலும் சரி, இதை மட்டும் மாற்றாதீர்கள். தட்டு வந்துவிட்டால் அவரவர் கண் அவரவர் தட்டுக்குப் போய்விடும், அப்புறம் அது மாடியில் நடக்கிற இன்னொரு சாப்பாடுதான். ஒரே பாத்திரம், பிசைகிற ஒரே கை, சுற்றி உட்கார்ந்து நம் முறைக்காகக் காத்திருப்பது, இதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கிறோம், ஒரே ருசி எல்லார் நாக்கிலும் அடுத்தடுத்துப் படுகிறது, வலது கை பிசுபிசுவென்று இருப்பதால் போனை யாரும் தொட முடியாது. போனைக் கீழே வையுங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமே வராது.

நாள் பார்ப்பது

பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே நிலா எழுந்துவிடும். ஆனால் சென்னையில் நான்கு பக்கமும் கட்டடம் என்பதால் அது நம் கண்ணுக்கு வர ஏழு, ஏழேகால் ஆகும். மறுநாள் என்றால் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி எழும், குழந்தைகள் தூங்கி வழிவார்கள். அதனால் பௌர்ணமியன்றோ அதற்கு முந்தின நாளோ வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் நிலா பொழுது சாயும்போதே மேலே வந்து நிற்கும், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் வசதி.

மாதம் என்றால் தை, மாசி, பங்குனி. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாமே பௌர்ணமியை ஒட்டி வருவதால் தேதியைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். சித்ரா பௌர்ணமியிலும் போடலாம், பகல் வெயிலில் வெந்திருந்தாலும் சாயங்காலம் கடல்காற்று வந்துவிடும். திருநெல்வேலிப் பக்கம் அன்றைக்குத்தான் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். என் ஆச்சி சின்ன வயதில் தாமிரபரணி மணலில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிடுங்கள், வடகிழக்குப் பருவமழையோடு போட்டி போட முடியாது. ஆடி, ஆவணியில் ராத்திரி இடி மழை திடீரென்று வரும், மாடிப்படி ஓரமாகப் பாய் விரித்தால் சமாளிக்கலாம்.

மாடியைத் தயார் செய்வது

குடியிருப்பு என்றால் செயலாளரிடம் இரண்டு நாள் முன்னாடியே சொல்லி மாடிச் சாவியை வாங்கிவிடுங்கள். சொல்லும்போதே அவரையும் கூப்பிட்டுவிடுவது நல்லது. மாலை நான்கரைக்குக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டால் ஏழு மணிக்குள் தரைச்சூடு இறங்கியிருக்கும். பெரியவர்களுக்குக் கோரைப்பாய் மேல் ஜமக்காளம், முட்டி வலிக்கிறவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியை வட்டத்துக்குள்ளேயே போடுங்கள், சுவரோரமாக ஒதுக்கிப் போட்டால் அவர்கள் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார்கள். கைப்பிடிச் சுவர் குட்டையாக இருந்தால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டு வாசலில் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், மாடி டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் எல்லார் முகமும் தெரியும்.

மாடி இல்லாதவர்கள் பெசன்ட் நகர் மணலுக்குத் தூக்குவாளியோடு போகலாம். காற்றில் மணல் விழும் என்பதால் மூடியோடு இருக்கிற பாத்திரம் முக்கியம்.

என்ன சமைப்பது

நான் முதல் தடவை புயல் இல்லாமல் நிலாச்சோறு போட்டபோது ஏழு வகை செய்தேன். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், வடை, பாயசம் என்று நான்கு மாடி ஏறி இறங்கியதில் நான் உட்காரவே இல்லை. வந்தவர்களிடம் பின்னால் கேட்டபோது என்ன சாப்பிட்டோம் என்று ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது இரண்டே வகைதான். ஒரு குழம்புச் சோறு, ஒரு தயிர்ச் சோறு. தொட்டுக்கொள்ள வறுவல், அப்பளம். இதற்கு மேல் போகாதீர்கள், யாராவது ஆசைப்பட்டு ஏதாவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கடையில் சொல்லி வரவழைக்கும் யோசனையும் வேண்டாம். அந்த ருசி எந்த நாளும் கிடைக்கும், இந்த ராத்திரிக்கென்று ஒட்டிக்கொள்ளாது.

பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி போதும், பாதி குழம்புக்கு, பாதி தயிருக்கு. பொன்னி புழுங்கல் நல்லது. வழக்கமாக வைப்பதைவிட அரை டம்ளர் தண்ணீர் கூடவைத்துக் குழைய வடியுங்கள், உதிரி உதிரியாக இருந்தால் உருட்ட வராது.

குழம்பு எங்கள் வீட்டில் பெரும்பாலும் வத்தக்குழம்புதான். முந்தின நாள் ராத்திரியே வைத்துவிட வேண்டும். அரைக் கிலோ அரிசிச் சோற்றுக்கு ஒரு பெரிய எலுமிச்சை அளவு புளி, அறுபது கிராம் வரும். நல்லெண்ணெய் அரை டம்ளர். அதில் ஒரு கைப்பிடி சுண்டைக்காய் வத்தலைக் கருகாமல் சிவக்க வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு போட்டு, வெங்காயம் நன்றாகச் சுருண்ட பிறகு குழம்பு மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி. தூளின் பச்சை வாடை போனதும் புளித்தண்ணீர், உப்பு. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிற வரை, கிட்டத்தட்ட அரைமணி நேரம், சின்னத் தீயில் கொதிக்கட்டும். கடைசியில் வறுத்த வத்தலும் நெல்லிக்காய் அளவு வெல்லமும். குழம்பைத் தனியாக நாக்கில் வைத்துப் பார்க்கும்போது உப்பு ஒரு இழை தூக்கலாக இருக்கவேண்டும், சோறு அதை இழுத்துக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் ஒரு கொதி விட்டு மேலே எடுத்துப் போனால், புளிப்பும் காரமும் ஒன்றோடொன்று சேர்ந்து முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.

மீன் குழம்பு போடுகிற வீடுகளுக்கு ஒரு விஷயம். காசிமேட்டிலோ பட்டினப்பாக்கத்திலோ நல்ல சங்கரா கண்ணில் படும், கை தானாகப் போகும், வேண்டாம். நிலா வெளிச்சத்தில் முள் பார்க்க முடியாது. வஞ்சிரம் வாங்குங்கள், நடுமுள்ளோடு போய்விடும். அதையும் கீழேயே, விளக்கு வெளிச்சத்தில், முள் எடுத்து உதிர்த்து, பிள்ளைகளுக்கான பங்கை இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். மீன் குழம்பு வைத்ததும் ஆறவைத்து பிரிட்ஜில் வைத்து, மாடிக்குப் போகும் முன் நன்றாகக் கொதிக்கவைப்பதில் சோம்பல் கூடாது.

தயிர்ச் சோற்றுக்கு அரைக் கிலோ அரிசிக்கு முக்கால் லிட்டர் காய்ச்சிய பாலும் கால் லிட்டர் தயிரும். பாலை அதிகம் வைத்தால் மாடியில் புளிக்காது. பிசையும்போது கொஞ்சம் தளரத்தான் இருக்கும், ஆற ஆற இறுகி உருட்டப் பதமாக வந்துவிடும். மாசி, பங்குனி என்றால் மாவடு கிடைக்கும், மயிலாப்பூர் மாடவீதியில் குவித்து வைத்திருப்பார்கள், முதல் வரத்திலேயே வாங்கி ஊறப்போட்டுவிடுங்கள்.

சோறு ஆறரைக்குள் வடித்து எட்டரைக்குள் சாப்பிட்டு முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள். வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும். பிசையாத சோறு மிஞ்சினால் அன்றிரவே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், காலையில் பழையதுக்கு ஆகும். இரவு அங்கேயே தங்குகிற உறவுக்காரர்கள் அந்தப் பழையதை எதிர்பார்த்துத்தான் தங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தாளிப்பு மாடியில்தான்

இதைப் பலர் செய்வதில்லை, நானும் ரொம்ப நாள் செய்யவில்லை. ஒரு நாள் தெருவில் நடந்து போகும்போது ஏதோ ஒரு வீட்டிலிருந்து வடகம் தாளிக்கிற வாசனை வந்தது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வர்தா ராத்திரி அப்படியே கண் முன்னால் வந்தது, அத்தையின் கை, ஈரத் தரை, என் மகளுக்கு அப்போது ஆறு வயது, அவள் என் மடியில் சாய்ந்திருந்த கனம் உட்பட. அன்றைக்குக் கீழ்வீட்டு அம்மா, அவர் பாண்டிச்சேரிக்காரர், வடகத்தைத் தாளித்துக் கொண்டுவந்து குழம்பில் கொட்டியிருந்தார்.

இதற்குக் காரணம் நம் மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்கிற ஒரு இடைநிலையம் வழியாகத்தான் மற்ற பகுதிகளுக்குப் போகின்றன. வாசனை மட்டும் அந்தச் சுற்றுவழியில் போகாமல், மூக்குக்கு மேலே இருக்கிற நுகர்வுக் குமிழிலிருந்து உணர்ச்சிகளைக் கவனிக்கிற அமிக்டலாவுக்கும், நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவுகிற ஹிப்போகாம்பஸுக்கும் ரொம்பக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரு வாசனை வந்ததும், அது என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்னாடியே மனசு ஒரு வீட்டுக்குள் போய் நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் அந்த வாசனையைச் சமையலறைக்குள் அடைத்து வைப்பானேன்? ஒரு சின்ன கேஸ் அடுப்பை மாடியில், காற்று அடிக்காத மூலையில், குழந்தைகள் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்த பிறகு, பிசைவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால், நல்லெண்ணெயில் கடுகு, தாளிப்பு வடகம், கறிவேப்பிலை, பெருங்காயம். அந்தச் சத்தத்தோடும் புகையோடும் குழம்பில் கொட்டுங்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் திரும்புவார்கள். ஒவ்வொரு தடவையும் இதே தாளிப்பு, மாற்றவே கூடாது. வேறு எந்தச் சமையலிலும் புதுசு முயற்சி செய்யுங்கள், நிலாச்சோற்றுக்கு மட்டும் வாசனை ஒன்றாகவே இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் அந்த வாசனை ஒருநாள் அவனைத் தேடிப்போகும்.

வடகம் கடையிலும் கிடைக்கும். வீட்டில் போடுவதானால் சித்திரை வெயிலில் அதே மாடியில் உலர்த்துங்கள்: இடித்த சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, தினமும் சாயங்காலம் எடுத்துவைத்து, காலையில் பிரித்துப் போட்டு, ஒட்டாமல் உதிர்கிற வரை.

பிசைகிற கை

வட்டத்தில் மூத்தவர் யாரோ அவர்தான் பிசைய வேண்டும். சமைத்தவருக்கு அன்று உட்கார்ந்து சாப்பிடுகிற உரிமை உண்டு. பாத்திரம் அகலமாக இருக்கட்டும். பத்துப் பேருக்கு மேல் போனால் தேக்சாதான் சரி. சோறு கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே முதலில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு மசித்து, அப்புறம் குழம்பை மூன்று தடவையாக ஊற்றிப் பிசைய வேண்டும். மொத்தமாக ஊற்றினால் ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் கூழாகவும் நின்றுவிடும். கொஞ்சம் குழம்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது எதற்கென்று சொல்கிறேன்.

கடைக்குட்டியிலிருந்து ஆரம்பித்து வலமாகப் போக வேண்டும். குழந்தைக்கு எலுமிச்சை அளவு, பெரியவர்களுக்குச் சாத்துக்குடி அளவு. குழம்புச் சோறு இரண்டு மூன்று சுற்று போன பிறகு தயிர்ச் சோறு. தயிர்ச் சோற்று உருண்டையைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்துகொள்ளுங்கள், அந்தக் குழியில்தான் எடுத்து வைத்த வத்தக்குழம்பு. அது வழிவதற்குள் வாயில் போட வேண்டும் என்கிற அவசரம் இருக்கிறதே, அறுபது வயது மாமாவும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே மாதிரி குனிந்து உறிஞ்சுவார்கள். போதும் என்று சொன்னாலும் ஒரு உருண்டை கூட வைப்பது பிசைகிறவரின் அதிகாரம், அதில் நடுவே யாரும் பேசக்கூடாது. கடைசியில் தேக்சாவை வழித்து வருகிற உருண்டை யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சண்டை உண்டு. சண்டை போடட்டும், விடுங்கள்.

மூத்தவருக்குக் கை ஓயும் நேரம் வரும். பக்கத்தில் அடுத்த தலைமுறையில் ஒருவரை உட்கார வைத்து, குழம்பு ஊற்றுவது, பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வது என்று கொடுங்கள். பார்த்துப் பார்த்துத்தான் பதம் வரும்.

யாரைக் கூப்பிடுவது

சொந்தம், நண்பர்கள், அக்கம்பக்கம் எல்லாரையும் கலந்து கூப்பிடுங்கள், சொந்தம் மட்டும் என்றால் பேச்சு பழைய கணக்குகளுக்குப் போய்விடுகிறது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் பாத்திரமும் பிசைகிற கையும் வேறு வேறு, வட்டம் ஒன்று. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாமைச் சோறு கொஞ்சம் தனியாகப் பிசைந்து அதே உருண்டையாகக் கொடுத்துவிடுங்கள், எத்தனை உருண்டை ஆயிற்று என்று ஊர் முன்னால் எண்ணிச் சொல்லாதீர்கள். இன்னொருவர் கையிலிருந்து வாங்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வாழை இலைத் துண்டு, காரணம் கேட்காமல். எங்கள் கட்டடத்தில் ரம்ஜான் மாதம் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிற அக்கா ஒருவர் உண்டு. அவர் முதல் தடவை இலையில்தான் வாங்கினார், மூன்றாவது தடவை கையை நீட்டினார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் மட்டும் போதாது, அவர் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு படிக்கட்டிலேயே நிற்பார், கையைப் பிடித்து வட்டத்தில் உட்கார வையுங்கள், அவர் முறைக்கும் அதே கையிலிருந்து அதே உருண்டை போகட்டும். யார் கையால் யார் வாங்கிச் சாப்பிடலாம் என்பதை வைத்து நம் ஊரில் எத்தனை வேலி போட்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும், என் சொந்த வீட்டிலேயே தனி டம்ளர் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என் மகளின் ஞாபகத்தில் அந்த டம்ளர் இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பேச்சு தானாக வராது

பெரியவர்களிடம் "பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றால் "என்னத்தச் சொல்ல" என்று விட்டுவிடுவார்கள். சாப்பாட்டை வைத்துத் துல்லியமாகக் கேளுங்கள். மெட்ராஸ் வந்து இறங்கிய அன்று முதலில் என்ன சாப்பிட்டீங்க? கல்யாணமாகி வந்த வீட்டில் முதலில் சமைத்தது என்ன, யார் என்ன சொன்னார்கள்? ரேஷன் அரிசியை வைத்து என்னென்ன செய்தீங்க? எங்கள் சித்தப்பா ஒருவர் ரொம்பப் பேசமாட்டார். எழும்பூரில் வந்து இறங்கிய நாளைக் கேட்டதும், ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ரயிலில் பிரிக்க மனசு வராமல், தங்கப்போகிற அறைக்கு வந்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டதைச் சொன்னார். கட்டியிருந்த வாழை இலையைத் தூக்கிப்போட இரண்டு நாள் ஆயிற்றாம். நாற்பது வருஷமாக அவரோடு வாழ்கிற எங்கள் சித்திக்கே அது புதுசு.

வெளிநாட்டில் இருக்கிறவர்களை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை, அவர்களுக்கு ஏக்கம்தான் கூடுகிறது, வட்டம் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு பொட்டலம் வடகமும் குழம்புத் தூளும் அனுப்பிவைத்து, அதே பௌர்ணமியன்று அங்கேயும் தாளிக்கச் சொல்லுங்கள்.

கைப்பக்குவத்தை எழுதி வைப்பது

இதை நான் தவறவிட்டவள் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். என் ஆச்சி ஒரு எள்ளுத் துவையல் அரைப்பாள். கேட்டால் "கண்ணுக்குத் தெரிஞ்ச அளவு போடு" என்பாள். நாங்களும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அவள் போன பிறகு நானும் சித்தியும் எத்தனை விதமாக அரைத்துப் பார்த்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது. புளியா, வறுக்கிற பதமா, அம்மியா, தெரியவில்லை.

அதனால் அளவு கேட்காதீர்கள், அளந்துகொள்ளுங்கள். பெரியவர் சமைக்கும் முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துவிட்டு, அவர் பாட்டுக்குச் சமைக்க விடுங்கள், நடுவே நிறுத்தாதீர்கள். முடிந்ததும் திரும்ப எடை போட்டால் குறைந்ததுதான் அளவு. போனில் முகத்தைவிடக் கையை எடுங்கள், சத்தத்தோடு. கடுகு எவ்வளவு வெடித்ததும் அடுத்ததைப் போடுகிறார் என்பது அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. அத்தையின் வத்தக்குழம்பை இப்படித்தான் பிடித்தேன், மேலே நான் கொடுத்த அளவு அதுதான். அத்தை மட்டும் இன்னமும் அதை நம்பவில்லை, "நான் அறுபது கிராமெல்லாம் போடல, ஒரு உருண்டைதான் போட்டேன்" என்கிறார்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். அன்றிரவே, தேக்சாவில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த கையோடு, தூக்கம் வருவதற்குள் நான்கு வரி எழுதிவிடுங்கள். நாளை எழுதலாம் என்றால் எழுதமாட்டோம். யார் வந்தார்கள், அரிசி எவ்வளவு, எது பத்தவில்லை, யார் என்ன சொன்னார்கள். அடுத்த தடவை சமைக்க அதுவே கணக்கு. எங்கள் நோட்டில் கடைசியாக எழுதியது இது:

"மாசி பௌர்ணமி. 14 பேர். அரிசி ஒன்றரைக் கிலோ, மிச்சம் இல்லை. மாவடு நன்றாக ஊறவில்லை, இன்னும் ஒரு வாரம் முன்னாடி போடணும். வடகம் தீர்ந்துவிட்டது. எட்டேகால் வரை மேகம், அப்புறம் நிலா. அத்தைக்குத் தோள்வலி, இரண்டாவது சுற்றோடு கையை எடுத்துவிட்டார்கள். மீதி எல்லாருக்கும் பாப்பா உருட்டினாள். உருண்டை கொஞ்சம் பெரிசு."